சொக்கை என்று கூப்பிட்டால் மீன் வரும்

மீன் பகுதியில் நிற்கிறவனிடம் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது பேரைத்தான், மீனின் பேரை.

வெள்ளை ஏப்ரனும் முழங்கைவரை ரப்பர் உறையும் போட்டுக்கொண்டு ஐஸுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கும் ஒரு பேர் இருக்கும் என்று நினைப்பவர்கள் குறைவு. நினைத்தாலும், நெஞ்சில் குத்தியிருக்கிற பிளாஸ்டிக் பேர்த்துண்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போய்விடுவார்கள். மொன்றியலில் அப்படித் துண்டு குத்திக்கொண்டு வேலைக்குப் போகிற என் சகபாவிகளே, ஞானசேகரமாக விமானம் ஏறி 'ஜான்' ஆக இறங்கியவர்களே, மகேஸ்வரியாக இருந்து 'மேகி' ஆனவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் எனக்கு மறுப்பில்லை.

சைவக்காரனுக்கு ஞானஸ்நானம்

என் பேர் சொக்கநாதன். மதுரைச் சுவாமியின் பேர், அப்பா நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளைக்கு வைத்தது. கடவுச்சீட்டு எடுத்துத் தந்த தரகர் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது, தன் கைக்கு வந்தபடி 'ஸி'யையும் 'கே'யையும் சேர்த்து அடித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் அதை யார் கவனித்தார்கள்? பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் மீன் பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மேலாளர் ரெஜான் கவனித்தார்.

ரெஜான் கியூபெக்கின் வடக்கில் ஒரு பெரிய ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், ஆனால் கெட்ட மனம் கிடையாது. என் பேரின் முன்பாதியை விரலால் தடவி வாசித்தார். பின்பாதிக்கு வந்ததும் களைத்துப்போனார். பிறகு ஐஸில் கிடந்த ஒரு மீனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அது கனடாவின் மேற்குக் கரையில் பிடிபடுகிற சமன் (ஆங்கிலத்தில் சால்மன்) மீன்களில் ஒரு வகை. அறுத்தால் தசை செக்கச் செவேல் என்று இருக்கும். அதன் பேர் ஆங்கிலத்தில் சொக்கை. அடுத்த நாள் என் நெஞ்சில் மீனின் பேர் குத்தப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த கிழமையில் யாரும் முதலாளியோடு சண்டை பிடிப்பதில்லை, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ரெஜான் என் தோளில் தட்டிச் சொன்னார்: "சின்னப் பேர், நல்ல பேர். வாடிக்கையாளருக்கும் மறக்காது, மீனுக்கும் மறக்காது."

வீட்டில் விசாரணை

யாழ்ப்பாணத்தில் சொக்கை என்றால் கன்னம். குழந்தைப்பிள்ளையைக் கண்டால் சொக்கையைக் கிள்ளாமல் யாரும் விடமாட்டார்கள். ஆகவே அந்தத் துண்டோடு நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி சறோ அதை எழுத்துக்கூட்டி வாசித்து, சிரித்துச் சிரித்து, கதிரையில் இருந்துவிட்டாள். ஒரு மனிதனுடைய குலதெய்வத்தின் பேரை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்களே, உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவன் உங்கட முகத்தைப் பாத்துத்தானப்பா வைச்சிருக்கிறான். ரெண்டு சொக்கையும் நல்லா ஊதித்தானே கிடக்கு."

சமன் வட்டமாக இருக்கும்

எங்கள் ஊரில் சமன் என்றால் தகர ரின்னில் அடைத்து வருவது. வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டினால் ஒரு றாத்தல் பாண், முழு ரொட்டி ஒன்றே காணாது. உண்மையில் அந்த ரின்னுக்குள் இருந்தது வேறொரு கடல் மீன். பேர் மட்டும்தான் சமன். இது எனக்கு மீன் பகுதிக்கு வந்த பிறகுதான் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

யோகம் அக்கா என்று ஒரு வாடிக்கையாளர், அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர். ஒருநாள் வந்து "தம்பி, சமன் இருக்கோ?" என்றார். நான் ஒரு முழுச் சமனை வாலில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தார். "இது சமன் இல்லை. சமன் வட்டமாயெல்லோ இருக்கும்" என்றார். அங்கேதான் எனக்கு வினை பிடித்தது. அக்கா, வட்டம் ரின்னுடையது, மீனுடையது அல்ல, நாங்கள் ஊரில் தின்றது சமனே அல்ல, இதுதான் அசல் சமன் என்று வகுப்பெடுக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது. அவர் கைப்பையைக் கண்ணாடித் தட்டின்மேல் வைத்தார். "நீர் பிறக்கமுதலே நான் சமன் கறி வைக்கிறன். என்ர பிள்ளையள் சமன் எண்டு திண்டு வளந்ததுகள். வெள்ளைக்காரன் சொல்லுறான் எண்டு நான் இனிப் பேர் மாத்தேலாது" என்றார்.

சொல்லிவிட்டு அவர் என் நெஞ்சைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தத் துண்டை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சொந்தப் பேரையே பறிகுடுத்துப்போட்டு நிக்கிறீர், நீரோ எனக்கு மீனுக்குப் பேர் சொல்லித் தாறீர்?"

துண்டில் இடமில்லை

அது மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை. நேரே ரெஜானிடம் போனேன்.

அவர் விடுமுறையில் ஊருக்குப் போய்வந்த சந்தோசப் புளுகத்தில் இருந்தார். அவருடைய ஏரியில் ஒரு சமன் உண்டு. கடலுக்கே போகாது, ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே சாகும். அதன் பேர் வனனீஷ். அந்தப் பேரைச் சொல்லும்போது அவருடைய மீசை ஒருமுறை ஆடும். அது இன்னு மக்களின் சொல், அந்த ஏரிக்கரையில் அவருடைய பாட்டன்மாருக்கு முன்பே இருந்தவர்களின் சொல் என்பதையும் முன்பொருநாள் எனக்கு அவர்தான் சொல்லியிருந்தார். கதை முடியும்வரை பொறுத்துக்கொண்டு நின்று, எனக்கு என் முழுப்பேரோடு ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெறும் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இவ்வளவுதான் நீளம், உன் பேர் இதில் அடங்காது, அடங்கினாலும் யாருக்கும் வாயில் வராது என்றார்.

"வனனீஷ் வாயில் வருகிறது, சொக்கநாதன் வராதா?" என்று கேட்டேன். ரெஜான் உண்மையாகவே யோசித்தார். கோபமில்லாமல், ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு பதில் சொன்னார்: "அது வேறு, சொக்கை. அது எங்களுடைய சொல்."

உணவுத் துறை

வெள்ளைக்காரன் பேரை வெட்டுகிறான் என்று நான் கொதித்துக்கொண்டிருந்த அதே மாதம், எங்கள் ஆட்கள் மிச்சத்தை வெட்ட வந்தார்கள்.

என் மகள் ஆரணிக்குக் கல்யாணப் பேச்சு. பொடியனை அவளே பல்கலைக்கழகத்தில் பார்த்து முடிவெடுத்துவிட்டாள். பெரியவர்களுக்கு மிச்சம் வைத்தது தேத்தண்ணி குடிப்பதும் கௌரவம் பார்ப்பதும்தான். அந்த இரண்டாவது வேலையைச் சறோவின் தம்பி சிவநேசன் தன் கையில் எடுத்துக்கொண்டான். அவன் லொங்குய்ய் பக்கம் தனிவீடு வாங்கி, புல்லு வெட்டுகிற மெஷினும் வாங்கிய ஆள். ஆற்றைத் தாண்டி வந்து சோபாவில் இருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரரிட்ட நீங்கள் உணவுத் துறையில இருக்கிறியள் எண்டு சொல்லியிருக்கிறன். பொடியன்ர தகப்பன் போக்குவரத்துத் துறையாம். தாய் கொஞ்சம் பாக்கிற ஆள்" என்றான்.

என்ன பார்க்கிற ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. மீன்காரன் என்ற சொல்லை எங்கள் ஊரில் ஏன் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பேர் சாதி. எங்கள் ஆட்கள் ஊரில் வீட்டை விட்டார்கள், வளவை விட்டார்கள், இதை மட்டும் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து, பனிக்காலக் கோட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்கு உச்சி கொதித்தது. "நான் வெட்டித் தந்த சமனைத்தானேடா போன ஞாயிறும் உன்ர வீட்டில பொரிச்சுத் திண்டனீங்கள்?" என்று கேட்டேன். சறோ என் கையைப் பிடித்து அமர்த்தினாள். பிள்ளையின் விசயம், ஒரு நாளைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ என்று அவளுடைய கண் கெஞ்சியது. சிவநேசன் அசையவில்லை. நியாயம் சொல்கிறவன் போல இரண்டு கையையும் விரித்துச் சொன்னான்: "அத்தான், மீன் திண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். வெட்டினால்தான் கேப்பினம்."

மேஸும் இல்லை, கண்ணும் இல்லை

இரண்டு பக்கமும் அடி வாங்கிய மத்தளமாக நான் நின்ற நாட்களில் அந்தப் பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலைமயிரை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃபிரேசர் ஆற்றங்கரையில் காலாகாலமாக இருக்கிற மக்களில் ஒருவர். இங்கே படிக்கிற மகளைப் பார்க்க வந்தாராம். ஐஸில் கிடந்த மீனைப் பார்த்தார். அதன்மேல் செருகியிருந்த பேரைப் பார்த்தார். என் நெஞ்சைப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக இருக்கவே வாய்விட்டுச் சிரித்தார்.

"உனக்கு யார் இந்தப் பேரை வைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். "உன் சொந்தப் பேர் என்ன?" அதையும் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. சொக்க, நாதன் என்று இரண்டு துண்டாக்கி, தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, பிறகு சேர்த்துச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்நியர் ஒருவர் வாயிலிருந்து என் பேரை முழுதாகக் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் வெட்டுகிற இடமும் இல்லை, பழி போட.

பிறகு அவர் மீனைக் காட்டி, "இதற்கும் அது சொந்தப் பேர் இல்லை" என்றார். நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? ஆங்கிலத்தில் 'சொக்' என்றால் காலுக்குப் போடுகிற மேஸ், 'ஐ' என்றால் கண். மேஸ் போட்ட கண்ணுள்ள மீனாக்கும், வெள்ளைக்காரனுக்கு என்னென்ன தோன்றுகிறதோ என்று விட்டிருந்தேன். மேஸும் இல்லை, கண்ணும் இல்லை. அவருடைய மக்களின் மொழியில் அந்த மீனுக்கு ஒரு பேர் இருக்கிறது. அவர் சொல்லிக் காட்டினார். என் காதுக்கு அது 'ஸுக்கேய்' மாதிரி விழுந்தது. கடைசிச் சத்தம் தொண்டைக்குள் போய் நின்றது. சிவப்பு மீன் என்று அதற்குப் பொருள் சொல்வார்களாம். கடலில் வெள்ளியாகத் திரிகிற மீன், முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும்போது உடம்பு சிவந்து தலை பச்சையாகிவிடும். வந்திறங்கிய வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் பேர் வாயில் அகப்படவில்லை. தங்களுக்குத் தெரிந்த மேஸையும் கண்ணையும் ஒட்டித் தைத்து, பேர் என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு மீனை வாங்கிக்கொண்டு புறப்படும்போது திரும்பி நின்று அவர் சொன்னார்: "எங்களிடம் பேரைக் கேட்கத்தான் செய்தார்கள். சொல்லி முடிக்கும்வரை நிற்கவில்லை."

கூப்பிட்டவருக்கு மீன்

அடுத்த நாள் இரண்டு வெறும் துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, என் முழுப்பேரை ஆரணியைக் கொண்டு கொட்டை எழுத்தில் எழுதுவித்து, நெஞ்சின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைவரை குத்திக்கொண்டு போனேன். பஸ் வண்டியின் நெற்றியில் ஊர்ப்பேர் எழுதியிருக்குமே, அந்தக் கோலம். ரெஜான் பார்த்தார். தலையாட்டிவிட்டு அலுவலகத்துக்குள் போனார். ஒலிபெருக்கியில் மட்டும் பழையபடி, "சொக்கை, அலுவலகத்துக்கு வரவும்" என்று கூப்பிட்டார்.

நான் போகவில்லை. மீன் போயிற்று. ஐஸிலிருந்து நல்ல சொக்கை ஒன்றை எடுத்து, கடதாசியில் சுற்றி, அலுவலக மேசையில் அவருடைய கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்துவிட்டு, "நீங்கள் கூப்பிட்ட ஆள்" என்று சொல்லித் திரும்பினேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மறுநாள் கூப்பிட்டார், மறுநாளும் மீன் போயிற்று. அதற்கு அடுத்த நாளும் போயிற்று. மாமிசப் பகுதிக்காரர்கள் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். காசாளர் பெண்கள் கைதட்டினார்கள். யோகம் அக்கா தன் தள்ளுவண்டியை வழியில் நிறுத்திவிட்டு, "விடாதை தம்பி" என்றார். வேலை போகுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் நல்ல மீனாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ரெஜானின் அலுவலகம் ஒரு சின்னத் துறைமுகமாக நாறத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை, கடை நிறையச் சனம். ஒலிபெருக்கி கரகரத்தது. நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, ஏணியில் ஏறுகிற மாதிரி, பிரெஞ்சு மரியாதையோடு: "மிஸ்யூ சொ-க்கா-ந-த்தான், தயவுசெய்து அலுவலகத்துக்கு வரவும், தயவுசெய்து கையில் ஒன்றுமில்லாமல் வரவும்."

மாப்பிள்ளை வீட்டார்

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கத்திலிருந்து. பொடியன், தாய், தகப்பன். தகப்பன் கையை நீட்டி, "ஐ ஆம் சாம்" என்றார். எங்களை அறிமுகம் செய்கிற பொறுப்பைச் சிவநேசன் பிடித்துக்கொண்டான். சறோ பலகாரத் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் வாயைத் திறந்தால் மகளின் கல்யாணம் குழம்பிவிடுமோ என்ற பயம் அவளுடைய முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் அதே பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

பொடியனின் தாய் வடையைப் பிய்த்தபடி, "அண்ணை உணவுத் துறையில என்ன மாதிரி, ஒஃபீஸ் வேலையோ?" என்று கேட்டார். சிவநேசன் அவசரமாக "ஓம், ஓம்" என்றான். கடையிலே கிழமை முழுக்க என் பேருக்காகச் சண்டை பிடித்துவிட்டு, வீட்டிலே வந்து ஒரு வடைக்காக என் தொழிலை விற்கவா? "இல்லைத் தங்கச்சி, நான் மீன் வெட்டுறன்" என்றேன். வடை பாதியில் நின்றது. பிறகு அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்து, மெதுவாக, "அதில ஒண்டும் இல்லை. ஆனால் கலியாண வீட்டில அதைச் சொல்லாமல் விட்டால் எல்லாருக்கும் நல்லது" என்றார். நான் பதில் சொல்வதற்குள், குசினி வாசலில் நின்ற ஆரணி முன்னுக்கு வந்தாள். பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் கதைக்கிற பிள்ளை, அன்றைக்கு ஒரு சொல்லும் தடக்கவில்லை. "மாமி, அப்பாண்ட பேர் சொக்கநாதன். அப்பா மீன் வெட்டுறார். ரெண்டையும் மைக்கில சொல்லுறதெண்டால் நான் மணவறைக்கு வாறன்."

பொடியன் தாயைப் பார்க்கவில்லை. எழுந்துபோய் ஆரணிக்குப் பக்கத்தில் நின்றான். அந்த அம்மாவின் முகம் கடைசிவரை இளகவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தகப்பன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். என்னைப் பார்த்தார், சிவநேசனைப் பார்த்தார், கடைசியில் தன் மனைவியைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நானும் சொல்லிப்போடுறன். எங்கட ஆக்கள் போக்குவரத்துத் துறை எண்டு சொன்னது நான் ராக்சி ஓடுறதைத்தான். சாம் எண்டதும் நானில்லை, நான் சண்முகசுந்தரம்."

இப்போதும் கடையில் யாராவது புதிதாக வந்து "சொக்கை!" என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை, ஐஸில் கிடக்கிற மீனும் திரும்புவதில்லை, அதன் பேரும் அது இல்லையே.